ஒரே குடும்பம், மூன்று பட்ஜெட், ஒரு கிரேக்கத் தீவு

கேள்வி:

நான் திருச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறாள். பகுதிநேர வேலை செய்து தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறாள். என் தங்கையும் அவள் கணவரும் துபாயில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு கிரேக்கத் தீவுக்குப் போய்வரலாம் என்று தங்கை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் அனுப்புவதெல்லாம் சாண்டோரினி படங்கள்தான். வெள்ளை வீடு, நீலக் கூரை, ஓர் இரவுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வாடகை! “செலவை நான் பார்த்துக்கிறேன் அக்கா” என்கிறாள். என் கணவருக்கு அதில் சம்மதமில்லை. மகளோ, “சித்தி தங்குற ஹோட்டல்ல என்னால ஒரு காபிகூடக் குடிக்க முடியாதும்மா” என்கிறாள். மாமியாரையும் அழைத்துப்போக வேண்டும். அவருக்கு 70 வயது, மூட்டுவலி, முட்டைகூடச் சேர்க்காத சைவம்.

எனக்குக் கிடைப்பது காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டிச் சில நாள் விடுப்பும்தான். அப்போது அங்கே சீசன் முடிந்துவிடுமாமே? எந்தத் தீவுக்குப் போவது, ஆளுக்கு எவ்வளவு ஆகும், நிலநடுக்கம் என்றார்களே, பயமில்லையா? யாரும் யாருக்கும் கடன்படாமல் இந்தப் பயணம் நடக்குமா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன விஷயத்தில் இருந்தே தொடங்குகிறேன். காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும்தான் ஏஜியன் கடல் தீவுகளுக்குப் போக நான் யாருக்கும் முதலில் சொல்லும் காலம். கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் மெல்லத்தான் ஆறும். அந்த வாரங்களிலும் தண்ணீர் 23 டிகிரி வாக்கில் இருக்கும். மே மாதத்தில் வெயில் இதே அளவு அடித்தாலும் கடல் 18, 19 டிகிரிதான், காலை வைத்தால் இழுத்துக்கொள்வீர்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வடக்கிலிருந்து நாள்கணக்கில் அடிக்கும் ‘மெல்டெமி’ என்ற காற்று செப்டம்பர் பாதிக்குமேல் அடங்கத் தொடங்கும். ஆகஸ்ட் 15 மரியன்னை திருநாள். அதை ஒட்டிய வாரங்களில் கிரேக்கர்களே ஏதென்ஸை விட்டுச் சொந்தத் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள்; படகில் இடம் கிடைக்காது, அறை வாடகை உச்சியில் நிற்கும். அதே அறை செப்டம்பர் கடைசியில் பல தீவுகளில் பாதி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அக்டோபர் பாதியைத் தாண்டினால் இன்னும் இறங்கும்தான், ஆனால் உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடும், படகுகளும் குறையும். உங்கள் மகளுக்கும் இது தோதான நேரம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவத்து வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும்.

தீவை விட மாதம்தான் செலவைத் தீர்மானிக்கிறது. அது உங்களுக்குத் தானாகவே அமைந்துவிட்டது. அடுத்தபடியாகப் பணத்தைத் தின்பது ஊர் மாறுவது. பயண முகவர்கள் வழக்கமாகத் தரும் திட்டம் ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி என்று மூன்று இடம், ஆறேழு இரவு. கிரேக்கத்தில் மக்கள் வாழும் தீவுகளே 200-க்கு மேல் இருக்க, அதிக விலையுள்ள இரண்டையும் ஒரே பயணத்தில் கோக்கிறார்கள். ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் படகுக் கட்டணம், துறைமுகத்துக்கு டாக்ஸி, அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளோடு காத்திருக்கும் அரை நாள், இவ்வளவும் ஆறு பேருக்கு. மூட்டுவலி உள்ளவருக்கு அந்த அரை நாள் பணத்தை விடப் பெரிய செலவு. ஆகவே ஒரு தீவை வீடாக வைத்துக்கொண்டு அங்கே ஐந்து இரவு தங்குங்கள். சாண்டோரினிக்கு இரண்டு இரவு. முதலிலும் கடைசியிலும் ஏதென்ஸில் ஒவ்வோர் இரவு.

அந்த வீட்டுத் தீவு நாக்சோஸ் என்பது என் தேர்வு. சிக்லடீஸ் தீவுக் கூட்டத்தில் அதுதான் பெரியது, 429 சதுர கிலோமீட்டர். சுற்றுலா இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் ஊர். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அங்கேயே விளைந்து, அங்கேயே செய்யப்பட்டு, கிரேக்கம் முழுதும் போகின்றன. நல்ல தண்ணீரும் மலைக் கிராமங்களும் உண்டு. அந்தத் தீவுக் கூட்டத்திலேயே உயரமான ஸாஸ் மலை (1,004 மீட்டர்) இங்கேதான். விவசாயம் உள்ள தீவில் சாப்பாடு நன்றாகவும் மலிவாகவும் இருக்கும். கடைக்காரர் ஆண்டு வருமானத்தை மூன்று மாதத்தில் உங்களிடமிருந்தே எடுத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. துறைமுகத்தை ஒட்டியே பெரிய ஊர். ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் செயின்ட் ஜார்ஜ் கடற்கரை. சமதரை, ஆழமில்லாத நீர், மணல். உங்கள் மாமியாருக்கு ஏற்ற இடம் இதுதான். தெற்கே சில கிலோமீட்டரில் அகியோஸ் புரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாகா என்று அடுத்தடுத்து நீண்ட மணற்கரைகள்; ஊரிலிருந்து பஸ் போகும்.

இந்த ஒரு தீவிலேயே உங்கள் மூன்று பட்ஜெட்டும் அடங்கும். நீங்கள் மூவரும் ஊருக்குள், செயின்ட் ஜார்ஜ் கடற்கரைப் பக்கம், ஒரு குடும்பமே நடத்தும் வாடகை அறைகளில் தங்குங்கள். சின்னச் சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி, பால்கனி இருக்கும். மூன்று கட்டில் போட்ட அறை அந்தக் காலத்தில் 70 முதல் 90 யூரோவுக்குக் கிடைக்கும். மகள் அதே கட்டடத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டால் 40 யூரோவை ஒட்டி முடித்துக்கொள்வாள். காலை உணவை அவளே சமைத்துக்கொள்ளலாம். தங்கையும் கணவரும் அகியோஸ் புரோகோபியோஸில் நீச்சல்குளத்தோடு, 150 முதல் 250 யூரோவுக்கு அருமையான ஹோட்டல் எடுக்கலாம். இரண்டு இடத்துக்கும் நடுவே கார் போகும் தூரம் பத்தே நிமிடம். பகலில் அவர்கள் இருக்கும் கடற்கரைக்கு நீங்கள் போங்கள், மணலில் படுக்க யாரும் பணம் கேட்க முடியாது. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும்தான் வாடகை. இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் ஊருக்கு வரட்டும். ஒரே டவெர்னா உணவகத்தில், ஒரே மேசையில், எல்லோருக்கும் ஒரே விலை.

நாக்சோஸில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் கட்டணமே கிடையாது. துறைமுகத்தில் இறங்கியதும் தெரிவது ‘போர்டாரா’, கி.மு. 530 வாக்கில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோவிலின் பளிங்கு வாசல். கோவிலில் இன்று நிற்பது அந்த வாசல் ஒன்றுதான். ஊரிலிருந்து கடலுக்குள் போகும் கல்பாதையில் பத்துப் பதினைந்து நிமிட நடை, கடைசியில் சிறு ஏற்றம். மாமியார் மெதுவாக ஏறிவிடுவார். ஒரு நாள் மட்டும் தங்கை கணவரிடம் வண்டி எடுக்கச் சொல்லுங்கள். ஹால்கி, பளிங்குத் தெருக்கள் கொண்ட அபிராந்தோஸ், பிறகு வடகோடியில் அப்போலோனாஸ். அங்கே பழைய கல்குவாரியில் பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஓர் ஆண் சிலை, பாதி செதுக்கிய நிலையிலேயே மலையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. சுமார் 2,600 ஆண்டுகளாக அப்படியே. கல்லில் வேலை செய்கிறவர்களின் ஊர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் முன்னால் நிற்பது தனி அனுபவம். சிற்பி எந்த இடத்தில் கையை எடுத்தார் என்று உளித்தடத்திலேயே தெரியும். வண்டி ஓட்டுகிறவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். நான்கு சக்கர பைக்குகளைத் தெருவுக்குத் தெரு வாடகைக்கு விடுவார்கள். மகள் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரளைக்கல் கிடக்கும் மலைவளைவுகளில் அவை எளிதில் கவிழும். விடுமுறைக்கு வந்து எலும்பு முறிந்து திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இனி சாண்டோரினி. உங்கள் தங்கையின் ஆசையைத் தயவுசெய்து ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். கி.மு. 1600 வாக்கில் வெடித்த எரிமலை தீவின் நடுப்பகுதியை விழுங்கிவிட, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. அதைச் சுற்றி எஞ்சிய செங்குத்து விளிம்பில், சுமார் முந்நூறு மீட்டர் உயரத்தில், அந்த வெள்ளை ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. படத்தில் தெரிவது உண்மையான காட்சிதான். நேரில் அதைவிடப் பெரிது. விளிம்பு குறுகலானது, அதில் கட்டக்கூடிய அறைகள் கொஞ்சம், ஆசைப்படும் உலகமோ பெரிது. வாடகை அதனால்தான் ஐந்நூறு யூரோ. செப்டம்பர் கடைசியிலும் அங்கே விலை பெரிதாக இறங்காது.

தங்கையும் கணவரும் அந்த விளிம்பில் இரண்டு இரவு தங்கட்டும். பணம் உள்ளவர்கள் கிரேக்கத்தில் அதைச் செலவிட வேண்டிய சரியான இடம் அது. ஐந்தாறு இரவு தேவையில்லை. இரண்டாம் நாளுக்குப் பிறகு அந்தக் காட்சிக்குக் கண் பழகிவிடும், வாடகை மட்டும் பழகாது. ஓயா என்ற ஊரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் இமெரோவிக்லியைச் சொல்வேன். விளிம்பின் உயரமான பகுதி அது, கூட்டமும் குறைவு. ஆனால் உங்கள் மாமியாரை அந்த விளிம்பு ஹோட்டல்களில் தங்க வைக்கவே கூடாது. வரவேற்பறையிலிருந்து அறைக்கே நாற்பது ஐம்பது படி இறங்க வேண்டியிருக்கும், சாப்பிட மறுபடி ஏற வேண்டும். நீங்கள் கிழக்குக் கரையில் கமாரியில் தங்குங்கள். கறுப்பு எரிமலை மணல், தட்டையான கடற்கரைச் சாலை, 80 முதல் 110 யூரோவுக்கு நல்ல அறை. அங்கிருந்து ஃபிரா ஊருக்கு பஸ் உண்டு. தீவின் எல்லா பஸ்களும் ஃபிராவில்தான் கூடும். விளிம்பில் நின்று பார்க்க யாருக்கும் கட்டணமில்லை. மகளுக்குக் கால் வலு இருக்கிறது. ஃபிராவிலிருந்து ஓயா வரை விளிம்போரமாகவே பத்து கிலோமீட்டர் நடைபாதை, மூன்று நான்கு மணி நேரம். அந்தத் தீவில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் அந்த நடையைத்தான் சொல்வேன். ஒரு தண்ணீர் பாட்டில் தவிர அதற்குச் செலவே இல்லை.

எல்லோரும் சேர்ந்து பார்க்க அக்ரோதிரி. அந்த எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். 1967-ல் ஸ்பிரிடோன் மரினாதோஸ் தோண்டத் தொடங்கினார். இரண்டு மூன்று மாடி வீடுகள், கழிவுநீர்க் கால்வாய், தானியச் சாடிகள் அனைத்தும் ஒரு பெரிய கூரையின் கீழ். நடைமேடை சமமானது, நிழலும் உண்டு, மாமியாருக்குச் சிரமமிருக்காது. இங்கே தங்கை ஒரு நல்ல வழிகாட்டியை அமர்த்தினால் அந்தக் காசு ஆறு பேருக்கும் பயன்படும்.

நிலநடுக்கம் பற்றிக் கேட்டீர்கள். 2025 ஜனவரி, பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே ஆயிரக்கணக்கான அதிர்வுகள் ஏற்பட்டன, பெரியது 5.3 ரிக்டர் அளவை ஒட்டியது. பத்தாயிரம் பேருக்கு மேல் தீவை விட்டு வெளியேறினார்கள். பிறகு அடங்கி, அந்தக் கோடையிலேயே பயணிகள் திரும்பினார்கள். எரிமலைப் பகுதி என்பது மாறாது. அதற்காகப் போகாமல் இருக்கவும் வேண்டாம். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பதிவு செய்யுங்கள், அது போதும். அந்தத் தீவில் அன்றாடம் உங்களைத் தொந்தரவு செய்யப்போவது சொகுசுக் கப்பல் கூட்டம்தான். 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தீவில் வாழ்பவர்களே பதினைந்தாயிரம் பேர் என்பதை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலையிலும் விளிம்புக்குப் போங்கள், நடுப்பகலில் கமாரியில் கடலோடு இருங்கள்.

படகுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய பயணம் கெட்டுப்போவது இங்கேதான். இரண்டு வகை உண்டு. பெரிய சாதாரணக் கப்பல்கள், கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகும்; திறந்த மேல்தளம், உணவகம், பெரியவற்றில் லிஃப்ட் எல்லாம் இருக்கும். அதிவேகப் படகுகள் நேரத்தைக் குறைத்து, கட்டணத்தை ஒன்றரை மடங்குக்கும் மேலாக்கும். பலவற்றில் மூடிய கூடத்துக்குள்தான் உட்கார வேண்டும், அலை எழுந்தால் வயிற்றைப் புரட்டும். காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் முதலில் நிறுத்துவதும் அவற்றைத்தான். காசு இருக்கிறவர்களுக்கும் சாதாரணக் கப்பலையே சொல்கிறேன். காற்றால் படகு ரத்தானால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ வேறு படகில் போகவோ உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தவறவிட்ட விமானத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. அதனால்தான் கடைசி இரவு ஏதென்ஸ் என்று வைத்தேன். தீவிலிருந்து கிளம்பிய அன்றே சென்னைக்கு விமானம் என்று யார் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் சாண்டோரினி, பிறகு நாக்சோஸ். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பல்கள் பெரும்பாலும் காலை ஏழரையை ஒட்டிக் கிளம்பும். பாரோஸ், நாக்சோஸ் என நின்று நின்று சாண்டோரினி சேர எட்டு மணி நேரம். நீளம்தான், ஆனால் கடைசி அரை மணியில் கப்பல் அந்த எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே நுழைந்து செங்குத்துப் பாறையின் அடியில் போய் நிற்கும். மேல்தளத்தில் ஐம்பது யூரோ டிக்கெட்காரருக்கும் மேலே ஐந்நூறு யூரோ அறைக்காரருக்கும் அது ஒரே காட்சி. உங்கள் மாமியாருக்கு மட்டும் சில யூரோ கூடுதலாகக் கொடுத்து எண் போட்ட சாய்வு இருக்கை வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து நாக்சோஸுக்கு இரண்டு மணி நேரம். அங்கே ஓய்ந்து கிடந்துவிட்டுத் திரும்பும் வழி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மெட்ரோ நேராகப் போகிறது, 9 யூரோ, ஒரு மணி நேரம். எக்ஸ்96 பஸ் அதைவிட மலிவு. முதல் இரவை மெட்ரோ மூன்றாம் தடத்தில் உள்ள மொனாஸ்டிராகி அல்லது சின்டக்மா பக்கம் கழித்தால் காலையில் துறைமுகம் போவது எளிது. மகள் ஜெர்மனியிலிருந்து நேரே சாண்டோரினிக்கே பறக்கலாம். பருவகாலத்தில் நேரடி மலிவு விமானங்கள் இருக்கின்றன. ஏதென்ஸ் வழியை விட அது அவளுக்குக் குறைவாக அமையக்கூடும்.

மாமியாரின் சாப்பாட்டுக்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். ஐரோப்பாவில் சைவர்கள் நன்றாகச் சாப்பிடக்கூடிய நாடுகளில் கிரேக்கம் முன்வரிசையில் வரும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஆண்டில் பாதி நாள்களை ஒட்டி நோன்பு நாள்கள். இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கிய சமையல் அவர்களுக்குத் தலைமுறை வழக்கம். சாண்டோரினியின் ‘ஃபாவா’ மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றியது. முதல் வாயிலேயே பருப்புக் கடைசல் என்பார் உங்கள் மாமியார். ‘கிகாந்தெஸ்’ என்ற பெரிய வெள்ளை அவரை தக்காளிச் சாற்றில் வெந்தது. ‘பிரியாம்’ கத்தரிக்காய், உருளை, சுரைக்காய் வகைகளை எண்ணெயில் சுட்டது. ‘ஹோர்த்தா’ வேகவைத்த கீரை, எலுமிச்சைச் சாறு பிழிந்து. தக்காளிக்குள் அரிசி அடைத்த ‘கெமிஸ்தா’வில் சில கடைகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: நோன்புச் சாப்பாடு என்று கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இறாலும் கணவாயும் நோன்பில் அனுமதிக்கப்பட்டவை, தட்டில் வந்துவிடும். “ஹோர்த்தோஃபாகோஸ்” என்று சொல்லுங்கள், சைவர் என்று புரிந்துகொள்வார்கள். கண்டிப்பான சைவமென்றால் பாலாடைக்கட்டியிலும் கவனம் தேவை. பாரம்பரியக் கட்டிகளைக் விலங்குக் குட்டிகளின் வயிற்றிலிருந்து எடுத்த உறையால் தோய்ப்பது வழக்கம். தயிரும் தேனும் தாராளமாகச் சாப்பிடலாம். தட்டுகள் பெரியவை, ஆறு பேருக்கு ஏழெட்டு வகை வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பதினைந்து யூரோவுக்குள் வயிறு நிறையும். கேட்காமலே வரும் ரொட்டி பில்லிலும் வரும். மூட்டையில் அவல், புளிக்காய்ச்சல், ஊறுகாய் இருக்கட்டும். நீண்ட படகு நாளில் கைகொடுக்கும்.

விசா உங்கள் வீட்டில் மூன்று விதம். மகளுக்கு ஜெர்மன் குடியிருப்பு அனுமதி இருப்பதால் தனி விசா தேவையில்லை. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துவந்தால் போதும். தங்கை இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் அமீரகத்திலிருந்தே விண்ணப்பிப்பார். நீங்கள் மூவரும் இங்கிருந்து கிரேக்கத்துக்கான ஷெங்கன் விசா கேட்க வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதத்தில் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நீங்கள் அரசு ஊழியர் என்பதால் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது மேசை மேசையாக நகரும், ஆகவே எல்லாவற்றுக்கும் முன்பு அதற்கு விண்ணப்பியுங்கள். கைரேகைக்கு மாமியாரும் நேரில் வர வேண்டும், மூவருக்கும் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தங்கை செலவு செய்வதாகக் காட்டாமல் உங்கள் சொந்த வங்கிக் கணக்கையும் கணவரின் ஓய்வூதியத்தையும் காட்டினால் கோப்பு தெளிவாக இருக்கும். விசா கையில் வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் எதையும் வாங்க வேண்டாம்.

இப்போது கணக்கு. யூரோ நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வையுங்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ஏதென்ஸ் போய்வர முன்கூட்டியே எடுத்தால் 60,000 முதல் 75,000 ரூபாய். விசா, காப்பீடு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம். மூன்று படகுகளுக்கும் ஆளுக்கு 130 முதல் 150 யூரோ. ஒன்பது இரவு அறையில் உங்கள் பங்கு 250 முதல் 280. சாப்பாட்டுக்கு நாளைக்கு 25 முதல் 30. பஸ், நுழைவுச்சீட்டு, டாக்ஸிக்கு 120. ஏதென்ஸ் அக்ரோபோலிஸுக்கு மட்டுமே 30 யூரோ; ஏற்றமும் வழுக்கும் பளிங்கும் உள்ள இடம், மாமியாரோடு ஒருவர் கீழே அருங்காட்சியகத்தில் இருக்கலாம், அங்கே லிஃப்ட் உண்டு, கண்ணாடி வழியே மேலுள்ள கோவிலும் தெரியும். கூட்டிப் பார்த்தால் உங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயை ஒட்டி வரும். மகளுக்கு விமானத்தோடு சேர்த்து எண்ணூறு, தொள்ளாயிரம் யூரோ. தங்கைக்கும் கணவருக்கும் அவர்கள் எடுக்கும் அறையைப் பொறுத்து ஆளுக்கு இரண்டாயிரம் யூரோவுக்குமேல் எவ்வளவும் ஆகலாம்.

இணையத்தில் காட்டும் வாடகையில் சேராத ஒரு வரி இருக்கிறது, வந்து இறங்கியதும் ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு ஒன்றிரண்டு நட்சத்திர விடுதியில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. உங்களுக்கு அது பொருட்டாக இராது; தங்கையிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதே கேள்வியை வேறு சூழலில் கேட்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏதென்ஸில் ஒரு நாள்தான் மிச்சம் என்றால் எஜினா போங்கள். படகில் ஒன்றேகால் மணி, கி.மு. 500 வாக்கில் எழுந்த அஃபையா கோவில், பிஸ்தா தோட்டங்கள், மாலையில் திரும்பிவிடலாம். கையிருப்பு மிகக் குறைவு, நாள்கள் நிறைய என்றால் கிரீட். பிரேயஸிலிருந்து இரவுக் கப்பலில் படுத்தால் காலையில் ஹெராக்லியோன், ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். பெரிய தீவு என்பதால் குளிர்காலத்திலும் ஊர் உயிரோடு இருக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். யாரும் யாருக்கும் கடன்படாமல் நடக்குமா என்றீர்கள். நடக்கும். அதற்கு, படுக்கும் இடத்தையும் படகு, விமானத்தையும் அவரவர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் அன்பை மறுக்கவும் வேண்டாம். ஆறு பேருக்கும் பொதுவாகப் பயன்படுவதை அவர் தரட்டும். நாக்சோஸில் வண்டி, அக்ரோதிரியில் வழிகாட்டி, ஒரு மாலை எல்லோருக்கும் விளிம்பில் விருந்து. நாக்சோஸில் ஓர் இரவுச் சாப்பாட்டை உங்கள் கணவர் கொடுப்பார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எல்லோருக்கும் காலைச் சிற்றுண்டி மகள் பொறுப்பு. அவள் அறையில் அடுப்பு இருக்கிறது, ஊர்ச் சந்தையில் தக்காளியும் தயிரும் கிடைக்கும். இந்தப் பேச்சை டிக்கெட் வாங்கிய பிறகு எடுத்தால் மனத்தாங்கல் வரும். மே மாத விடுமுறையில் தங்கை ஊருக்கு வந்தால் நேரிலேயே பேசி, அந்த வாரமே உங்கள் துறைக்கான விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.